நூறு ஆண்டுப் பழமை என்று விற்கப்படும் எம்பிராய்டரி தாள்கள்

கேள்வி: பழைய எம்பிராய்டரி டிசைன் தாள்களைச் சேகரித்து வருகிறேன். இணையத்தில் ஒருவர், நூறு ஆண்டுப் பழமையானவை என்று சொல்லி ஒரு கட்டுத் தாள்களுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார். அவர் அனுப்பிய படத்தில் நங்கூர முத்திரையும், மதுரா கோட்ஸ் என்ற பெயரும், 75 பைசா என்ற விலையும் தெரிகின்றன. நம்பி வாங்கலாமா?
வாசகி, திருமங்கலம்

பதில்: அந்த விலைக்கு வாங்க வேண்டாம். ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்ஸ் நிறுவனம், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரைச் சேர்ந்த கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் என்ற பெயரைப் பெற்றது 1974-இல்தான் என்பதால், அப்பெயர் அச்சான தாள் எதுவும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

பெயர் இல்லாத தாளாக இருந்தாலும் விலையே காலத்தைச் சொல்லிவிடும். அணாக் கணக்கில் இருந்தால் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'நயா பைசா' என்றிருந்தால் அதற்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வெறும் 'பைசா' என்றால் அதற்குப் பிந்தையது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், 1972 ஆகஸ்டுக்குப் பின் அச்சானது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

நங்கூர முத்திரையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. பெய்ஸ்லியில் ஆங்கர் (நங்கூரம்) மில்ஸ் நடத்திய கிளார்க் நிறுவனம் 1896-இலேயே கோட்ஸுடன் இணைந்துவிட்டது. எனவே அந்த முத்திரை மதுரைத் தொடர்பைவிட மிகப் பழையது, இன்றும் நூல் கட்டுகளில் புழங்குவது. டி.எம்.சி. என்ற எம்பிராய்டரி நூல் நிறுவனத்தின் தாள்களில் 1746 என்ற ஆண்டைக் கண்டால், அது பிரான்சின் முலூஸ் நகரில் அந்த நிறுவனம் தோன்றிய ஆண்டே தவிர, தாள் அச்சான ஆண்டு அன்று.

பணம் செலுத்துமுன், ஒவ்வொரு தாளின் பின்புறத்தையும் அடி விளிம்பையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அச்சகத்தின் பெயரும் முகவரியும் பெரும்பாலும் அங்கேதான் சிறு எழுத்தில் இருக்கும். நேரில் பார்க்க முடிந்தால், கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சின் ஒளியில் பிடித்துப் பாருங்கள்: தாள் நீல வெண்மையாகப் பளிச்சிட்டால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவலான வெளுப்பூட்டும் வேதிப்பொருள் கலந்த காகிதம் அது. துணியில் அயர்ன் செய்து பதிக்கும் வகைத் தாளாக இருந்தால், சோதிப்பதற்காகச் சூடு வைத்துவிடாதீர்கள். மை துணிக்கு இறங்கிவிட்டால் தாளின் மதிப்பு போய்விடும்.

நூறு ஆண்டு இல்லை என்பதற்காக இத்தாள்களை ஒதுக்கவும் வேண்டாம். நம் ஊரில் நூல் நூற்ற ஆலையின் பெயரைத் தாங்கிய, 1974-க்கு முந்தையவை அல்லாத அச்சுகள் என்று தெரிந்தே, அதற்கேற்ற விலை பேசி வாங்குங்கள். மதுரைக்காரர் ஒருவரின் சேகரிப்பில் இருக்கத் தகுந்தவை அவை.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், 'நூறு ஆண்டு' என்று அவர் எழுதிய விளம்பரத்தையும் உரையாடலையும் படமாகச் சேமித்து, எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. விற்றவர் வணிகராக இருக்க வேண்டும் என்பதால், அவர் தொடர்ந்து விற்பவர் என்பதைக் காட்டும் பிற விளம்பரங்களையும் சேர்த்து வையுங்கள்.