நிரந்தர ஐடி வேலையை விட்டுவிட்டு வேலூரிலிருந்தே ஒப்பந்தப் பணி செய்யலாமா?

ஒரே நிறுவனத்தில் நாலரை ஆண்டுகளாக நிரந்தரப் பணியில் இருப்பதாகவும், அதை விட்டுவிட்டுச் சொந்த ஊரான வேலூரிலிருந்தே ஐடி ஒப்பந்தப் பணிகளை எடுத்துச் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் இன்னும் ஆறு மாதம் பொறுத்துச் செய்யுங்கள். ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்தால், வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உறுதி; அடிப்படைச் சம்பளம் 45,000 ரூபாய் என்றால் அது ஏறக்குறைய 1,30,000 ரூபாய். அந்தத் தொகையின் அருமை, முதல் பில்லுக்குப் பணம் வராமல் காத்திருக்கும்போது தெரியும்.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு நான் சத்துவாச்சாரி வீட்டுக்குத் திரும்பிய அன்று, ராணிப்பேட்டை பெல் (BHEL) நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "மாசம் பொறந்தா பணம் வந்துடுமாப்பா?" என்பதுதான். வந்துவிடும் என்றேன். ஆகஸ்ட் மாத வேலைக்கு நான் அனுப்பிய பில்லில், வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது. அவர்களுடைய கணக்குப் பிரிவு அதை இருபத்திரண்டு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பியது; பணம் தர ஒப்பந்தத்தில் இருந்த 45 நாள் கெடுவோ, திருத்திய பில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கியது. அந்தத் தீபாவளிக்கு வீட்டில் எல்லோருக்கும் துணி எடுத்தது அப்பாவின் சேமிப்பிலிருந்து. ஆகவே, ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதன்பின் 1,00,000 ரூபாய் வேலைக்கு 18 விழுக்காடு வரி சேர்த்து 1,18,000 ரூபாய்க்குப் பில் போடுவீர்கள். பொதுவாக 10,000 ரூபாயை டிடிஎஸ் ஆக, அதாவது உங்கள் வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே செலுத்த, பிடித்துக்கொண்டு 1,08,000 ரூபாய் தருவார்கள். அதில் 18,000 ரூபாய் உங்களுடையதல்ல. வாடிக்கையாளர் மூன்று மாதம் இழுத்தடித்தாலும், மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் அந்த வரியை அடுத்த மாதம் 20 ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவையும் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. அந்தப் பதிவு இருந்தால், 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் தாமதிக்கும் நிறுவனத்திடம் வட்டியும் கேட்கலாம்.

நாள் கூலியைக் கணக்கிடும்போது, மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்துவிடாதீர்கள். சனி, ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல், ஓர் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை சும்மா இருக்கும் வாரங்கள் ஆகியவற்றைக் கழித்தால், பில் போடக்கூடிய நாள்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 தான் தேறும். நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்கு 14 லட்சம் செலவிடுகிறது என்றால், காப்பீடு, ஆடிட்டர், மடிக்கணினி, இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு ஒன்றரை லட்சம் சேர்த்து, நாளுக்கு 7,750 ரூபாய்க்குக் குறையாமல் கேளுங்கள்.

வேலூரில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். பெற்றோருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை போகலாம். அதனால் தனிப் பாலிசியை இப்போதே எடுங்கள். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

ஊரைப் பற்றிக் கவலை வேண்டாம். வாடிக்கையாளர் நேரில் வரச் சொன்னால் காட்பாடியில் ரயில் ஏறி, சென்னையோ பெங்களூருவோ காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். நான் மாதம் ஒருமுறை அப்படித்தான் போய் வருகிறேன். "வேலை ரெடியா இருக்கு, வந்துடுங்க" என்று தொலைபேசியில் சொல்பவரிடம் மட்டும், பணம் தரும் கெடு நாளும் நாள் கூலியும் எழுதிய ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அதில் அவர்களின் கையெழுத்து விழுந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.