அதே பெயர், வேறு ரத்தம்: வழக்குப் போடலாமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்த என் அம்மாவுக்கு, அதே வார்டில் அதே பெயரில் இருந்தவருக்கு உரிய ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். நடுக்கம், சிவந்த சிறுநீர், டயாலிசிஸ் என்றாகிப் பிழைத்தார். ‘சிலர் உடம்புக்கு ஒத்துக்காது’ என்கிறது நிர்வாகம். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். சரியான குரூப் ரத்தமும் அபூர்வமாக ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. உங்கள் அம்மாவுக்கு நடந்ததோ ஆள் மாறாட்டம். ஏ பாசிட்டிவ் நோயாளிக்கு பி பாசிட்டிவ் ரத்தம் ஏற்றியதை அலட்சியம் என்றே 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில் ஆவணங்களைக் கைப்பற்றுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கிராஸ்மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை) அறிக்கை, ரத்தப் பை எண்ணும் நேரமும் உள்ள ரத்தம் ஏற்றிய படிவம், செவிலியர் குறிப்புகள், எதிர்வினைக்குப் பின் ரத்த வங்கி செய்த பரிசோதனை முடிவு எல்லாம் வேண்டும்.

தவறு இரண்டு இடங்களில் நடந்திருக்கலாம். ஒன்று, ஏற்றும்போது. இனிஷியலோடு முழுப்பெயர், உள்நோயாளி எண் என்று குறைந்தது இரண்டு அடையாளங்களைக் கைப்பட்டையிலும் பையிலும் ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளமே ஆகாது, ஏனென்றால் ஆட்களை மாற்றிப் படுக்கவைப்பார்கள். “நீங்கதானே இன்னார்?” என்றால் காய்ச்சலில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேரென்னம்மா?” என்றுதான் கேட்க வேண்டும். இன்னொன்று, பரிசோதனைக்கு ரத்த மாதிரி எடுத்தபோது. படுக்கையருகே லேபிள் ஒட்டாமல் பிறகு ஒட்டினால் மாதிரிக் குழாய்கள் மாறிவிடும். அப்போது கிராஸ்மேட்ச் காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். அம்மாவின் பழைய ரத்தப் பிரிவுச் சான்று இதை அம்பலப்படுத்தும், தேடி எடுத்துவையுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கட்டிய சிகிச்சைக் கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. ஊழியரின் தவறுக்கு மருத்துவமனையே பொறுப்பு. எந்தச் செவிலியர் என்று நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பில்லைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்க வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு அவசரம்: அதே பெயர்கொண்ட அந்த இன்னொருவரின் குடும்பத்திடம் இன்றே பேசுங்கள். குழாய்தான் மாறியது என்றால், அவர் கோப்பில் உங்கள் அம்மாவின் ரத்தப் பிரிவு பதிவாகியிருக்கும்.