வேதியியல் கவிழ்த்துவிட்டது – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் மருத்துவக் கட்டுரைகளை மூன்று வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் தேர்வு முடிவு வந்தது. உயிரியலில் நினைத்த அளவு வந்துவிட்டது. இயற்பியல் பரவாயில்லை. வேதியியல்தான் எதிர்பார்த்ததைவிட இரண்டு கிரேடு கீழே. இதை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா, ஒரு வருடம் உட்கார்ந்து திரும்ப எழுதுவதா? தேர்வுக்கு ஆறு வாரம் முன்னால் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. அதை விண்ணப்பத்தில் எழுதலாமா, எழுதினால் சாக்கு சொல்வதுபோல் ஆகிவிடுமா?

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பொறுமையாகக் காத்திருந்தால் சீட் தானாக வரும், ஜெர்மனியில் அப்படித்தான் என்கிறார் மாமா. அக்கா எனக்கு ஜான் கர்டன் கதையை அனுப்பினாள், பள்ளியில் உயிரியலில் கடைசியாக வந்தவர் பிறகு நோபல் பரிசு வாங்கினார் என்று. மார்க்கே கேட்காமல் வெளிநாட்டில் சீட் வாங்கித்தரும் ஏஜெண்டைத் தெரியும் என்று அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உறுத்துவது இது எதுவும் இல்லை. இந்த மார்க் வாங்கிய ஒருத்தி நல்ல டாக்டராக முடியுமா?

எந்த நாட்டில் இருக்கிறேன் என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பிரசுரித்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

நாட்டைச் சொல்லாததால் நானும் பொதுவாகத்தான் எழுத முடியும். உங்கள் விதிமுறைகளோடு நீங்களே பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவப் பள்ளியில் 1979இல் ஒன்று நடந்தது. எண்ணூறு பேரை நேர்காணல் செய்து, வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களிலிருந்து 150 பேரை எடுத்து முடித்துவிட்டார்கள். அப்புறம், ரொம்பத் தாமதமாக, வகுப்பை 200 ஆக்கவேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் சொல்லிவிட்டது. அதற்குள் பட்டியலில் மேலே இருந்தவர்கள் எல்லாரும் வேறு இடங்களுக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது 700ஆவது இடத்துக்குக் கீழே இருந்தவர்கள்தான், அவர்களில் பெரும்பாலோரை வேறெந்தக் கல்லூரியும் எடுத்திருக்கவில்லை. அவர்களிலிருந்து ஐம்பது பேரைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். படிப்பு முடிந்தபோதும், அதன்பிறகு மருத்துவமனையில் முதல் வருடப் பயிற்சியிலும் முதலில் வந்த 150 பேருக்கும் பிறகு வந்த ஐம்பது பேருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இந்த ஆய்வு 1987இல் வெளியானது.

ஆனால் இதை எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் "பாருங்கள், மார்க்குக்கு அர்த்தமே இல்லை" என்று வாதாடாதீர்கள். அந்த இரண்டு குழுவையும் முதலில் பிரித்துவைத்ததில் பெரிய பங்கு நேர்காணல் செய்தவர்களின் மனப்பதிவுக்குத்தான், மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம்தான். முன்பு நன்றாகத் தேர்வு எழுதியவர்கள் மருத்துவக் கல்லூரியிலும் நன்றாகத் தேர்வு எழுதுவார்கள் என்பது பொதுவாக உண்மைதான், ஏனென்றால் அங்கேயும் ஓயாமல் தேர்வுதான் நடக்கிறது. இரவு மூன்று மணிக்கு வார்டில் நிற்கும்போது நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதைப் பற்றி உங்கள் வேதியியல் தாளுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் பேர் கேட்கும் இடத்தில் நூறு பேரைத்தான் எடுக்க முடியும் என்றால் ஏதாவது ஒன்றை வைத்து மிச்சப் பேரை அனுப்பியாகவேண்டும், அதற்குக் கைக்கு எளிதில் கிடைப்பது மார்க். அவ்வளவுதான் அதன் வேலை.

இது நியாயமா என்று கேட்டால், நெதர்லாந்தில் எப்படியெல்லாம் செய்து பார்த்தார்கள் என்பதைச் சொல்கிறேன். அங்கே 1970களிலிருந்து மருத்துவ இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். மார்க் கூடுதலாக இருந்தால் வாய்ப்பு கூடும், ஆனாலும் அது குலுக்கல்தான். 1990களில் பத்துக்கு 9.6 சராசரி வைத்திருந்த ஒரு மாணவிக்குத் திரும்பத் திரும்பச் சீட்டு விழாமல் போய், நாடே அதைப் பற்றிப் பேசி, கடைசியில் எட்டுக்கு மேல் சராசரி இருந்தால் நேரடியாக இடம் என்று விதியை மாற்றினார்கள். பிறகு 2017இல் குலுக்கலையே நிறுத்தினார்கள். இப்போது கல்லூரி விரும்பினால் குலுக்கலாம் என்று மறுபடியும் அனுமதித்திருக்கிறார்கள். அறிவாளிகள் உட்கார்ந்து ஐம்பது வருடம் யோசித்தும் இதற்கு ஒரு நல்ல வழி கிடைக்கவில்லை. எனவே உங்களுக்கு ஒரு கதவு சாத்தப்பட்டால் அது உங்களைப் பற்றிய தீர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

மாமா சொன்ன ஜெர்மனி விஷயம் ஒரு காலத்தில் சரிதான். அங்கே ஐந்தில் ஒரு பங்கு இடம் காத்திருப்பவர்களுக்கென்றே இருந்தது, ஆனால் ஏழு வருடத்துக்கும் மேலே காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. 2017 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த முழு ஏற்பாட்டிலும் குறை கண்டது, 2020இலிருந்து காத்திருப்புக்கான பங்கே இல்லை. மாமாவைக் குறை சொல்லவில்லை. மருத்துவச் சேர்க்கை பற்றி உறவினர்கள் சொல்வது எப்போதும் பத்து வருடம் பழசாக இருக்கும், நான் சொல்வதும் உள்பட. இந்த வருட விதியை அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் நீங்களே வாசியுங்கள்.

சரி, வேதியியல். உங்கள் கடிதத்தில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றே ஒன்று. இரண்டு கிரேடு குறைந்தது என்கிறீர்கள், அப்பாவின் ஆபரேஷன் என்கிறீர்கள், ஆனால் தாளில் என்ன நடந்தது என்று ஒரு வரி இல்லை. உங்களிடம் ஒரு நோயாளி வந்து "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் மருந்து எழுதிவிடுவீர்களா? எத்தனை நாளாக, எந்த இடத்தில், எப்போது கூடுகிறது என்று கேட்கமாட்டீர்களா? விடைத்தாளின் நகல் கிடைக்குமென்றால் பணம் கட்டியாவது வாங்குங்கள். கிடைக்காதென்றால் வினாத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தோடு, ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதுங்கள். பாடமே தெரியாமல் போனதா, தெரிந்தது நேரத்துக்குள் கைக்கு வரவில்லையா, கேள்வி கேட்டதை விட்டுவிட்டு வேறு ஏதோ எழுதினீர்களா, கரிம வேதியியல் மட்டும் ஓட்டையா, கணக்கில் அலகு மாற்றுவதில் சறுக்கினீர்களா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இது தெரியாமல் ஒரு வருடம் உட்கார்ந்தால் அதே தப்பை இன்னும் நிதானமாகச் செய்வீர்கள், அவ்வளவுதான்.

எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அப்படித்தான் செய்தேன். எனக்கும் முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் வீட்டிலிருந்தேன், புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நாலு தடவை வாசித்தேன், மஞ்சள் மையால் கோடு போட்டேன், ஒரு கட்டத்தில் கோடு போடாத வரியைத் தேட வேண்டியிருந்தது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர், கணக்காளர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர், புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டு "பஃபர் கரைசல் என்றால் என்ன, சொல்லு" என்றார். வாயைத் திறந்தேன், மூன்றாவது வாக்கியம் வரவில்லை. அவருக்குப் பதில் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு மாதமும் பழைய வினாத்தாள்களை மட்டும் எழுதினேன்.

இதை ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், ஒருமுறை வாசித்துவிட்டு மூடிவைத்து ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது, வாசித்தவர்களுக்குத்தான் தன்னம்பிக்கை கூடுதலாக இருந்தது என்பது.

இந்த வருடமே விண்ணப்பிப்பதா என்பது நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் தோல்வியை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதைப் பொறுத்தது. சில கல்லூரிகள் திரும்ப எழுதிய கிரேடை அப்படியே ஏற்கும், சில முதல் முயற்சியை மட்டும் பார்க்கும், சில தக்க காரணம் இருந்தால் மட்டும் ஏற்கும். பிரிட்டனில் ஒரு வருடத்தில் மருத்துவத்துக்கு நான்கு இடங்களுக்குத்தான் விண்ணப்பிக்கலாம், எனவே உங்கள் கிரேடை வாசலிலேயே கழித்துவிடும் கல்லூரியை எழுதுவது ஒரு தோட்டாவை வானத்தில் சுடுவது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேர எழுதும் எம்கேட் தேர்வை ஒரு வருடத்தில் மூன்று தடவை, அடுத்தடுத்த இரண்டு வருடத்தில் நான்கு தடவை, வாழ்நாளில் மொத்தம் ஏழு தடவைதான் எழுதலாம், எழுதியதெல்லாம் கல்லூரிகளுக்குத் தெரியும். "சும்மா எழுதிப் பார்க்கலாம்" என்பதற்கு அங்கே விலை உண்டு. இன்னொரு பக்கம், வேறொரு பட்டம் முடித்துவிட்டு நான்கு வருடப் பட்டதாரிச் சேர்க்கை வழியாக மருத்துவத்துக்குள் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வழியில் சில கல்லூரிகள் பட்டப்படிப்பைத்தான் பெரிதாகப் பார்க்கும், இன்றைய இந்த வேதியியல் கிரேடு பின்னுக்குப் போய்விடும். அதிலும் போட்டி கடுமை, குறுக்குவழி என்று நினைத்துப் போகாதீர்கள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இப்போது பல நாடுகளில் இருக்கும் பல்முனைக் குறுநேர்காணல் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே குழுவின் முன்னால் அரைமணி நேரம் உட்காருவதற்குப் பதிலாக, வரிசையாக அறை அறையாகப் போவீர்கள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒவ்வொன்றிலும் வேறு ஆள் மார்க் போடுவார். ஒரு அறையில் சொதப்பினால் அடுத்த அறைக்காரருக்கு அது தெரியாது. உங்களைப்போல் ஒரு தாளில் சறுக்கியவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு, அதுவரை போய்ச் சேர்ந்தால்.

அப்பாவின் ஆபரேஷன். எழுதுங்கள், தாராளமாக. இரண்டு வாக்கியம் போதும்: எப்போது நடந்தது, உங்கள் படிப்பை அது எப்படிப் பாதித்தது. மூன்றாவது வாக்கியம் வேண்டுமானால் அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லட்டும். நான் சில வருடம் தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், எங்களை எரிச்சல்படுத்தியது காரணம் சொன்னவர்கள் அல்ல, காரணத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதியவர்கள். (இன்னொன்று, "சிறுவயதிலிருந்தே டாக்டராகும் கனவு" என்று தொடங்காதீர்கள். ஒரு நாள் காலையில் அப்படிப் பதினோரு விண்ணப்பம் வாசித்தேன்.) இதைவிட நல்ல வழி, உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியர் இதை எழுதுவது. அவர் எழுதினால் தகவல், நீங்கள் எழுதினால் விளக்கம். தேர்வு நடத்தியவர்களிடம் அப்போதே தெரிவித்தீர்களா? அதற்குக் கெடு இருக்கும், பெரும்பாலும் முடிவு வருமுன்பே முடிந்துவிடும். இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிவிடலாம் என்று இருக்காதீர்கள்.

ஏஜெண்ட் விஷயத்தில் நீளமாக எழுத ஒன்றுமில்லை. அந்தப் பட்டத்தை வைத்து நீங்கள் தொழில் செய்ய விரும்பும் நாட்டில் உரிமம் கிடைக்குமா என்று அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலிடம் நேரடியாகக் கேளுங்கள். உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறது என்று அவர் காட்டுவார். அந்தப் பட்டியலில் இருப்பது அங்கீகாரம் ஆகாது என்று பட்டியல் போடுகிறவர்களே சொல்கிறார்கள். மார்க்கே கேட்காத இடம் வேறு எதைக் கேட்கும் என்றும் யோசியுங்கள்.

அக்கா அனுப்பிய கதைக்கு வருகிறேன். அது உண்மைதான். 1949இல் கர்டனின் பள்ளி அறிக்கையில் விஞ்ஞானியாகும் எண்ணம் கேலிக்குரியது என்று ஆசிரியர் எழுதினார், 250 பையன்களில் உயிரியலில் அவர் கடைசி, 2012இல் நோபல். ஆனால் பகிர்கிறவர்கள் நடுவில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அறிவியலுக்கு மாறுவதற்கு முன், பெற்றோர் பணம் கட்டி, ஒரு வருடம் தனி ஆசிரியரிடம் அடிப்படை விலங்கியலை முதலிலிருந்து படித்தார். நோபலைவிட அந்த ஒரு வருடம்தான் உங்களுக்கு ஆகும் செய்தி. அவரோடு பரிசைப் பகிர்ந்த யாமனாகா எலும்பு அறுவை மருத்துவராகத் தொடங்கியவர், கை மெதுவாக இருந்ததால் மேலே இருந்தவர்கள் "ஜாமனாகா" என்று கேலி செய்தார்களாம், ஜப்பானிய மொழியில் 'ஜாமா' என்றால் இடைஞ்சல். அவருக்கு மருத்துவப் பட்டம் இருந்தது, தன் வேலை அறுவைக்கூடத்தில் இல்லை என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. டாக்டர் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ வேலை இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது. செவிலியர் படிப்பையோ இயன்முறை மருத்துவத்தையோ "கிடைக்காவிட்டால் அது" என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மனநிலையோடு அங்கே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நோயாளிக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், உங்கள் கிரேடு வாசலைத் தாண்டும் இடங்கள் ஒன்றிரண்டு இருந்தால் அங்கே மட்டும் இந்த வருடம் போடுங்கள், கூடவே வேதியியலைத் திரும்ப எழுதப் பதிவு செய்யுங்கள். இந்த வாரம் விடைத்தாளுக்கு எழுதிப் போடுங்கள், வந்ததும் எந்தக் கேள்வியில் எத்தனை போனது என்று எனக்கு அனுப்புங்கள். பஃபர் கரைசல் இப்போது நன்றாகவே தெரியும்.