கல்லூரியைத் தேர்வதற்கு முன் அதன் களப்பணியைப் பாருங்கள்

கேள்வி: மொரப்பூர் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். மனித மேம்பாடு, சமூக ஈடுபாடு தொடர்பான பட்டம் படிக்க விரும்புகிறேன். அது எந்தப் பெயரில், எங்கே கிடைக்கும்? ஊர் ஊராகச் சுற்றுகிற படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இந்தக் குழப்பத்தாலேயே தவறான பாடப்பிரிவில் சேர்ந்து, ஓராண்டு கழித்து வருந்தும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ‘மனித மேம்பாடு’ என்ற சொல் பல்கலைக்கழகங்களில் இரண்டு வேறு பொருள்களில் வழங்குகிறது. மனையியல் துறையிலும் உளவியல் துறையிலும் அது, ஒரு மனிதர் கருவில் உருவாவது தொடங்கி முதுமை வரை உடலாலும் அறிவாலும் உணர்வாலும் உறவுகளாலும் எப்படி வளர்கிறார், மாறுகிறார் என்பதைக் குறிக்கும். குழந்தை எந்த மாதத்தில் தலை நிற்க வேண்டும், எப்போது பேசத் தொடங்க வேண்டும் என்பதும், உளவியலாளர் எரிக் எரிக்சன் வகுத்த வாழ்வின் எட்டுப் பருவங்களும் இந்தப் படிப்பில் வரும். பொருளியலிலும் வளர்ச்சி ஆய்வுகளிலும் அதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹபூப் உல் ஹக், இந்தியப் பொருளியலாளர் அமர்த்தியா சென் முதலியோரின் சிந்தனையிலிருந்து உருவாகி, 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை வழியாகப் பரவிய கருத்து அது. ஒரு நாட்டின் முன்னேற்றத்தை வருமானத்தால் மட்டும் அளக்காமல், மக்களின் ஆயுள், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றாலும் அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, அங்கன்வாடியில் ஒரு குழந்தையின் அருகே அமர்ந்து வேலை செய்ய விரும்புகிறீர்களா, அல்லது ஒரு வட்டாரத்தில் இத்தனை பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நின்றார்கள் என்று ஆராய்ந்து திட்டமிட விரும்புகிறீர்களா என்பதுதான். இரண்டுமே வேண்டும் என்று தோன்றினால் சமூகப்பணிப் படிப்பு உங்களுக்குப் பொருந்தும், ஏனெனில் அது தனிமனிதருக்கான உதவி, குழுப்பணி, ஊர் மக்களை ஒன்றுதிரட்டிச் செயல்பட வைக்கும் சமூக அமைப்பாக்கம் ஆகியவற்றை ஒன்றாகக் கற்றுத்தருகிறது.

‘சமூக ஈடுபாடு’ என்ற பெயரில் தனிப் பட்டப்படிப்பைத் தேடினால் நம் பக்கத்தில் பெரும்பாலும் கிடைக்காது. அது பல படிப்புகளுக்குள் ஒரு பகுதியாக இருக்கிறது. சமூகப் பொறுப்பும் சமூக ஈடுபாடும் பற்றிய இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றைக் கல்லூரிகள் நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு பாடத்திட்டச் சட்டகமே வெளியிட்டிருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் இவற்றை மட்டும் நம்பி இத்துறையில் தொழில் செய்ய முடியாது.

படிக்கும் இடங்களைப் பொறுத்தவரை, கோயம்புத்தூரில் பெண்களுக்கான அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மனித மேம்பாட்டுக்குத் தனித் துறையே இருக்கிறது. முதல் பொருளில் படிக்க விரும்புவோர் அங்கே விசாரிக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் ஊரக மேம்பாடும் மனையியலும் கற்பிக்கிறார்கள், கற்றதைக் கிராம மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் விரிவாக்கப் பணி அங்கே கல்வியின் ஓர் அங்கமாகவே கருதப்படுகிறது. 1952-இல் தொடங்கப்பட்ட சென்னை சமூகப்பணிப் பள்ளியில் சமூகப்பணிக்கு இளங்கலையும் முதுகலையும் உண்டு. திருப்பெரும்புதூரில் உள்ள ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் முதுகலைக்கு உரிய இடம். நம் மாவட்டக் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்துக்குத் தருமபுரியிலேயே முதுநிலைப் படிப்பு மையம் இருக்கிறது. எந்தெந்தப் பாடப்பிரிவு இவ்வாண்டு நடக்கிறது என்பதை அந்தந்த அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பாடப்பிரிவுகள் மாறிக்கொண்டே இருப்பவை.

வெளியூர் விடுதிச் செலவு இப்போது முடியாது என்றால் மனம் தளர வேண்டாம். எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் இரண்டாண்டு முதுகலைச் சமூகப்பணிக்கு எந்த இளங்கலைப் பட்டமும் போதும் என்பதே பெரும்பாலான கல்லூரிகளின் விதி. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய அரசுக் கல்லூரியில் தமிழோ வரலாறோ பொருளியலோ மூன்றாண்டு படித்து, நாட்டு நலப்பணித் திட்டத்தில் உண்மையாக உழைத்து, பிறகு முதுகலைக்கு வெளியூர் போகலாம். பதினெட்டு வயதில் இளங்கலைச் சமூகப்பணியில் சேர்ந்தவர்களைவிட இப்படி வந்தவர்கள் எந்த வகையிலும் பின்தங்கியதில்லை என்பது என் அனுபவம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு உண்டு. சேர்ந்த உடனே கல்லூரியில் அதற்குப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் கல்லூரியின் பெயரைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சமூகப்பணிப் படிப்பின் பாதி வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் ஒரு நிறுவனத்திலோ ஊரிலோ களப்பணி, இடையில் சில நாள் கிராம முகாம், இறுதியில் ஏறத்தாழ ஒரு மாதத் தொடர் பயிற்சி என்று அது அமையும். இந்தப் பகுதி சரியாக நடக்காத கல்லூரியில் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் பெற்றாலும் கைக்குத் தொழில் வராது. எனவே சேர்வதற்கு முன் அங்கே படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், ஆசிரியர் மாதத்தில் எத்தனை முறை களத்துக்கு வருகிறார், எழுதிக் கொடுக்கும் களக் குறிப்பை யாராவது படித்துத் திருத்தித் தருகிறார்களா, பேருந்துக் கட்டணத்தை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். களக் குறிப்பில் கையெழுத்து மட்டும் விழுகிறது, திருத்தம் எதுவும் வருவதில்லை என்று அவர் சொன்னால், அந்தக் கல்லூரியின் கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

களம் என்ன கற்றுத்தரும் என்பதற்கு என் மாணவப் பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அச்சிட்ட வினாத்தாளோடு அரூர்ப் பக்கத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். “உங்கள் மாத வருமானம் எவ்வளவு?” என்பது அதில் ஒரு கேள்வி. திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தி, “எந்த மாசத்தச் சொல்லட்டும்மா?” என்று கேட்டார். புளி உடைக்கிற மாசி பங்குனியில் ஒரு கூலி, ராகி அறுப்பில் கூலியாகத் தானியம், அறுப்பு முடிந்தபின் கணவரோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் வேறு கூலி, ஐப்பசி மழையில் ஒன்றுமே இல்லை. என் தாளில் இருந்ததோ ஒரே ஒரு கட்டம். அன்று அதில் நானாக ஒரு சராசரியைப் போட்டு நிரப்பினேன், அது தவறு. பிற்பாடுதான் பருவ நாட்காட்டி என்ற முறையைக் கற்றேன்: ஊர்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பன்னிரண்டு மாதங்களுக்குக் கோடு கிழித்து, எந்த மாதம் வேலை, எந்த மாதம் கடன், எந்த மாதம் காய்ச்சல், எந்த மாதம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் பெற்றோரோடு வெளியூர் போகிறார்கள் என்று புளியங்கொட்டையை வைத்து அவர்களையே குறிக்கச் சொல்வது. அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகுதான், பள்ளி இடைநிற்றலுக்குக் காரணம் பெற்றோரின் அக்கறையின்மை என்று அதுவரை எழுதிவந்தது எவ்வளவு பிழை என்று எனக்கு விளங்கியது. சமூக ஈடுபாடு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். மக்களிடமிருந்து தகவல் வாங்கிக்கொண்டு வருவதோடு அது முடிவதில்லை, அந்தத் தகவலுக்கு அவர்களே பொருள் சொல்லவும், முடிவு திரும்ப அவர்கள் கைக்கு வரவும் வேண்டும்.

நீங்கள் பிறந்த மாவட்டம் இந்தப் படிப்புக்கு அரிய இடம் என்பதை அப்பாவிடம் தயங்காமல் சொல்லலாம். தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். பிறகே மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அந்த முதல் தலைமுறைக் குழுக்களில் இருந்திருக்கக்கூடும். கூட்டத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது, வங்கிக்குப் போனது, கடனை யார் பெயரில் வாங்கி யார் செலவழித்தார்கள் என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டு எழுதினால் எந்த நூலகத்திலும் கிடைக்காத பாடம் உங்கள் கையில் இருக்கும்.

1993-இல் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் ஒரு குடிசையில் தொடங்கிய பழங்குடி நலவாழ்வுப் பணி மற்றொரு சான்று. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி தந்து, அவர்களை நலப்பணியாளர்களாக்கியதுதான் அதன் பலம். பின்னர் அது இயற்கை வேளாண்மைக்கும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழிலுக்கும் விரிந்தது. உடல்நலம் என்று தொடங்கிய வேலை ஏன் வயலுக்கும் தையலுக்கும் போக வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள், சமூக மேம்பாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பல் எனாமல் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அந்த நீரைத் தொடர்ந்து குடித்த பிள்ளைகளின் பற்களில் நிலையான பழுப்புக் கறை படிகிறது, நீண்ட காலம் குடித்தால் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன. இதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் தொடங்கி 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குழாய் பதிப்பது பொறியாளரின் வேலை. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் ஒரு வீட்டில் சமையலுக்கும் ராகிக் களி கிளறவும் எந்தத் தண்ணீரை எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள் என்று அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அறிந்துகொள்வது உங்கள் துறையின் வேலை. ‘மனித மேம்பாடு’ என்ற சொல்லின் இரண்டு பொருள்களும் இங்கே ஒன்றாகின்றன: ஒரு குழந்தையின் பல்லும் ஒரு மாவட்டத்தின் மேம்பாடும் ஒரே குடத்தில் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது தருமபுரியில் அது ஏறத்தாழ 68.5 ஆக, மாவட்டங்களிலேயே மிகக் குறைவாக இருந்தது. அதே கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 913 பேர் இருந்தார்கள். 2001-இல் அந்த எண்ணிக்கை 826 மட்டுமே. பத்தாண்டுகளில் நடந்த அந்த மாற்றத்துக்குப் பின்னால் எத்தனையோ களப்பணியாளர்களின் நடை இருக்கிறது. ஊர் சுற்றுவது என்று அப்பா சொல்வது அந்த நடையைத்தான்.

வேலை பற்றிய கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்கிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மகளிர் திட்ட அலுவலகம், மருத்துவமனைச் சமூகப்பணி, போதை மறுவாழ்வு மையம், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் இந்தப் படிப்புக்கு இடம் இருக்கிறது. அரசுத் திட்டங்களில் இவற்றுள் பல ஒப்பந்தப் பணிகள், தொடக்க ஊதியம் பெரிதாக இராது. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் போன்ற நிரந்தரப் பதவிகளுக்குத் தேர்வாணையம் அறிவிக்கை வெளியிடும்போது எந்தெந்தப் பட்டங்கள் ஏற்கப்படும் என்று அதில் இருக்கும். பழைய அறிவிக்கை ஒன்றை இப்போதே எடுத்துப் படித்துவிட்டுப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனங்கள் சட்டம் 2013-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பதால், ஒசூர்த் தொழிற்சாலைகள் இருக்கும் நம் வட்டாரத்தில் அந்த வழியிலும் வேலைகள் வருகின்றன. உங்களுக்குத் தெலுங்கோ கன்னடமோ பேச வந்தால் அதைக் குறிப்பிட மறக்க வேண்டாம். ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை செய்ய அது பட்டத்துக்கு இணையான தகுதி.

தமிழ்வழியில் படித்தவர் என்பதால் ஒரு கடினம் வரும். முதுகலைப் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. முதல் பருவத்தில் இது உங்களை வாட்டும். அதற்கு நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் வழி, களக் குறிப்பை மக்கள் சொன்ன சொற்களிலேயே அன்றிரவே தமிழில் எழுதிவிட்டு, மறுநாள் அதையே எளிய ஆங்கிலத்தில் எழுதுவது. இரண்டாவது பருவத்துக்குள் கை பழகிவிடும். களத்தில் மக்கள் பேச்சைக் காதால் வாங்கி அப்படியே எழுதும் திறன் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால், அந்த இடத்தில் நீங்கள் முந்தியே இருப்பீர்கள்.

அப்பாவின் கேள்விக்குப் பின்னால் உங்கள் பாதுகாப்பு பற்றிய கவலையும் இருக்கிறது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம். அந்தக் கவலை நியாயமானது. நல்ல துறையில் மாணவியரைத் தனியாக அறிமுகமில்லாத ஊருக்கு அனுப்ப மாட்டார்கள்; இருவர் மூவராக, பகலில், ஊரில் பொறுப்பாளர் ஒருவருக்கு முன்கூட்டியே தெரிவித்துத்தான் அனுப்புவார்கள். சேர்க்கைக்குப் போகும் நாளில் அவரையும் அழைத்துச் சென்று, களப்பணி ஒருங்கிணைப்பாளரிடம் இந்தக் கேள்வியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் இந்த மாதமே செய்யக்கூடிய ஒன்று: உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு வாரம் காலை நேரத்தில் அங்கே உட்காருங்கள். எடை பார்க்கும்போதும் சத்துமாவு கொடுக்கும்போதும் தாய்மார் என்ன பேசிக்கொள்கிறார்கள், எந்தக் குழந்தை வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், குழந்தைகளின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். ஏழாம் நாள் அந்த நோட்டைத் திருப்பிப் படிக்கும்போது இன்னும் கேட்க வேண்டிய கேள்விகள் உங்கள் மனத்தில் எழுந்தால், விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கலாம்.