முதல் நாள் எரித்த ஒயின் மறுநாள் எப்படி மாறியது?

வாசகர் கேள்வி: கலிஃபோர்னியா ஜின்ஃபண்டெல் ஒயின், லேபிளில் 15.5 சதவீதம் ஆல்கஹால். திறந்த உடனே குடித்தபோது தொண்டை எரிந்தது, ஒரே ஜாம் வாசனை. பாதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடித்தால் வேறு ஒயின் மாதிரி இருந்தது. மிளகு வாசனைகூட வந்தது. இதே ஒயின் இன்னும் 5 பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே திறந்து வைக்கவேண்டுமா? ஒரே நாளில் இவ்வளவு மாறுகிறது என்றால் பத்து வருடம் வைத்தால் இன்னும் நன்றாக வருமா?

பதில்: ஃபிரிட்ஜில் வைத்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் மறுநாள் ஒயின் வாங்கிய நல்ல பெயரில் பாதி குளிருக்குச் சேரவேண்டியது. 25 டிகிரியில் ஊற்றினால் இவ்வளவு ஆல்கஹால் உள்ள எந்த ஒயினும் முதலில் மூக்கில்தான் குத்தும். பழ வாசனை அதற்குப் பின்னால் நிற்கும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் அதே ஒயின் அடங்கிவிடும். அடுத்த பாட்டிலைத் திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். எரிச்சலில் எவ்வளவு குறைகிறது என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

மீதியைச் செய்தது காற்று. மூடிய பாட்டிலுக்குள் சில சமயம் கந்தகச் சேர்மங்கள் தங்கியிருக்கும். உரசிய தீக்குச்சி, வேகவைத்த முட்டை போல வாசம் அடிக்கும். காற்று பட்டதும் இதில் பெரும்பகுதி போய்விடும். கூடவே, முந்திக்கொண்டு வரும் பழுத்த பழ வாசனையும் கொஞ்சம் தணியும். மிளகு, கிராம்பு வாசனைகள் அதற்கு அடியில் ஆரம்பத்திலிருந்தே இருந்தவைதான், மறுநாள் உங்களுக்கு எட்டியிருக்கின்றன. காற்றில் ஆல்கஹால் பறந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சில மணி நேரத்தில் போவது மிகச் சொற்பம். லேபிளில் உள்ள 15.5 கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

காற்றால் தீராத ஒன்றும் உண்டு. இந்த ஒயின் செய்யும் ஜின்ஃபண்டெல் திராட்சையின் குலை ஒரே சீராகப் பழுக்காது. ஒரே குலையில் ஒரு பக்கம் பச்சைக் காய், நடுவில் நல்ல பழம், இன்னொரு பக்கம் வற்றி உலர்திராட்சையாகிப் போனவை. பச்சை பழுக்கட்டும் என்று காத்திருந்தால் வற்றியவற்றில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். ஜாம் சுவையும் அதிக ஆல்கஹாலும் அங்கிருந்துதான் வருகின்றன. அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் திணறும்போது வினிகர் வாடையோ நகப்பூச்சு வாடையோ சேர்வதும் உண்டு. லேசாக இருந்தால் அது ஒயினுக்கு ஒரு துடிப்பைக் கொடுக்கும். தூக்கலாக இருந்தால் டிகேன்டரை (ஒயினை ஊற்றிக் காற்று காட்டும் கண்ணாடிக் குடுவை) நம்பாதீர்கள். பழ வாசனை குறையக் குறைய அந்த வாடை இன்னும் மேலே வரும்.

சரி, எவ்வளவு நேரம் காற்று காட்டுவது? கார்க்கை மட்டும் பிடுங்கி வைப்பதால் பிரயோஜனம் இல்லை. பாட்டில் கழுத்தில் காற்று படும் பரப்பு ஒரு நாணயம் அளவுதான். அகன்ற டிகேன்டரில், அது இல்லையென்றால் ஏதாவது கண்ணாடிக் கூஜாவில், ஊற்றி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். இளம் ஜின்ஃபண்டெலுக்கு இது போதும். நாலைந்து மணி நேரம் விட்டால் பழம் மங்கி, குடிக்கச் சப்பென்று ஆகிவிடும்.

அப்புறம் அந்தப் பத்து வருடக் கேள்வி. காற்றில் ஒரு நாள் நடப்பதைப் பாட்டிலில் வருடக்கணக்கில் நடப்பதன் வேகமான பதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூடிய பாட்டிலுக்குள் கார்க் வழியாக மிக மிகக் கொஞ்சம் ஆக்சிஜன்தான் நுழைகிறது. அந்த மெதுவான சூழலில் நிறமிகளும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகின்றன. ஒரு பகுதி கசடாக அடியில் தங்கும். துவர்ப்பு மெத்தென்று ஆகும். கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்தால் விளிம்பில் ஊதா போய்ச் செங்கல் நிறம் தெரியும். வாசனை புதுப் பழத்திலிருந்து உலர்ந்த அத்தி, தோல், புகையிலை என்று நகரும்.

இத்தனை மாறினாலும் ஆல்கஹால் மட்டும் குறையாது. அதை மூடியிருந்த பழச் சதை வருடத்துக்கு வருடம் மெலிந்தால் என்ன ஆகும்? 12 வருடம் பொத்திப் பொத்தி வைத்து நான் திறந்த ஒரு 15.8 சதவீத பாட்டிலில் பழம் போயிருந்தது, சூடு மட்டும் மிச்சம். கேபர்னே சாவின்யோன் என்ற இன்னொரு சிவப்பு ஒயின் திராட்சையில் தாங்கிப் பிடிக்கத் துவர்ப்பு நிறைய இருக்கும். ஜின்ஃபண்டெலில் அது நடுத்தரம்தான். அதனால் பெரும்பாலானவற்றை அறுவடை வருடத்திலிருந்து 3 முதல் 6 வருடத்துக்குள் முடித்துவிடுங்கள் என்பேன். இத்தாலியின் ப்ரிமிட்டிவோவும் மரபணுப்படி இதே திராட்சைதான். உங்களிடம் அது இருந்தாலும் கணக்கு இதுவே.

விதிவிலக்கு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதியில் நூறு வயது தாண்டிய கொடிகள் உண்டு. அந்தப் பழைய தோட்டங்களில் ஜின்ஃபண்டெலோடு பெட்டீட் சிரா, காரின்யான் போன்ற வேறு திராட்சைகளையும் கலந்தே நட்டிருப்பார்கள். பெட்டீட் சிரா துவர்ப்பையும் நிறத்தையும் தரும். ரிட்ஜ் நிறுவனத்தின் கெய்சர்வில் என்ற, 1966 முதல் வரும் ஒயின் இந்த வகை; நல்ல வருடத்து பாட்டில் பத்து வருடம் தாராளமாகத் தாங்கும். அப்படி முதிர்ந்த பாட்டில் கையில் கிடைத்தால் ஒரு நாள் நேராக நிறுத்தி, கசடு கலங்காமல் மெல்ல ஊற்றி, உடனே குடியுங்கள். அதற்குக் காற்று காட்டவேண்டாம்.

உங்கள் ஒயினின் வருடத்தை நீங்கள் எழுதவில்லை. நான் என்றால் இப்படிச் செய்வேன்: அடுத்த பாட்டிலில் கால் பங்கை மூடி ஃபிரிட்ஜில் மூன்றாம் நாள் வரை வைப்பேன். இது பத்து வருடத்தின் முன்னோட்டம் அல்ல, ஒயினுக்குத் தாங்கும் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான். அப்போதும் பழமும் புளிப்பும் நிமிர்ந்து நின்றால் மிச்சத்தில் இரண்டை 12 - 14 டிகிரியில், இருட்டில், கார்க் நனையும்படி படுக்க வைத்து, வருடத்துக்கு ஒன்றாகத் திறப்பேன். மூன்றாம் நாளே தளர்ந்துவிட்டால், அல்லது அப்படிக் குளிர்ச்சியான இடமே இல்லையென்றால், இந்த வருடத்துக்குள் எல்லாவற்றையும் குடித்து முடித்துவிடுவேன்.