ஜெர்மனியில் ஏஜென்சி வழியாக எஞ்சினியர் எடுக்கலாமா? ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி உங்களை ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பியிருக்கிறது, ஜிஎம்பிஎச் (நம்ம ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரி) பதிவு முடிந்துவிட்டது, ஒரு சர்வீஸ் மேனேஜர், இரண்டு ஃபீல்டு சர்வீஸ் எஞ்சினியர், விற்பனைக்கு ஒரு அப்ளிகேஷன் எஞ்சினியர் என்று நான்கு பேரை மூன்று மாதத்துக்குள் வேலையில் உட்கார வைக்க வேண்டும். உள்ளூர் ஏஜென்சி ஒன்று ஆண்டுச் சம்பளத்தில் 25 சதவீதம் கேட்கிறது. கொடுக்கலாமா, நாமே தேடலாமா?

ஏஜென்சி விஷயம் அப்புறம். முதலில் அந்த மூன்று மாதக் கணக்கை ஊரில் நிர்வாகத்திடம் பேசி மாற்றுங்கள். சட்டப்படி இங்கே ஒருவர் வேலையை விட நான்கு வார நோட்டீஸ் போதும், மாதத்தின் 15ஆம் தேதியிலோ கடைசி நாளிலோ முடிகிற மாதிரி. ஆனால் அனுபவமுள்ள எஞ்சினியர்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மூன்று மாதம் என்று எழுதியிருக்கும், பலருக்கு அது காலாண்டு முடிவோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அப்படிப்பட்டவர் ஜூலை முதல் வாரம் உங்களிடம் கையெழுத்துப் போட்டால் டிசம்பர் 31க்குத்தான் விடுபடுவார், ஜனவரியில்தான் உங்களிடம் வருவார். நோட்டீஸ் காலத்துக்குப் பணம் கட்டி ஆளைச் சீக்கிரம் வெளியே எடுக்கும் நம்ம ஊர் வழக்கம் இங்கே எடுபடாது, பழைய முதலாளி மனம் வைத்து முன்கூட்டியே விட்டால்தான் உண்டு. போதாக்குறைக்கு, ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை இந்த மாநிலத்தில் பள்ளி விடுமுறை, குடும்பஸ்தர்கள் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். எவ்வளவு திறமையான ஏஜென்சியும் இந்த நாட்களைச் சுருக்க முடியாது. "சுருக்கித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால் எப்படி என்று கேளுங்கள்.

இனி ஏஜென்சி. நீங்கள் பொதுவாக ஏஜென்சி என்று எழுதியிருப்பதற்குள் இரண்டு வேறு தொழில்கள் இருக்கின்றன, ஒரே அலுவலகம் இரண்டையும் செய்யும், பேசுகிறவரும் ஒருவராகவே இருப்பார், அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

ஒன்று, ஆளைத் தேடிக் கொடுப்பது. தேர்ந்தெடுத்த ஆள் நேராக உங்கள் ஊழியர், ஏஜென்சிக்கு ஒரு தடவைக் கட்டணம், அத்தோடு உறவு முடிந்தது. 2002க்குப் பிறகு இந்தத் தொழிலுக்குத் தனி உரிமம் தேவையில்லை, சாதாரண வியாபாரப் பதிவு போதும். அதனால் நல்லவர்களும் இருக்கிறார்கள், லிங்க்ட்இனில் தேடிக் கிடைத்ததை அப்படியே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பம்ப், வால்வ், டிரைவ் இந்த மாதிரித் துறைகளிலேயே வருடக்கணக்காக ஆள் எடுத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம் கிடைத்தால், நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் பெரிய பெயரைவிட அதையே எடுப்பேன். முதல் போனிலேயே தெரிந்துவிடும்: உங்கள் பம்ப் எங்கே ஓடுகிறது, தண்ணீரா கெமிக்கலா, சர்வீஸ் எஞ்சினியர் வாரத்தில் எத்தனை இரவு வெளியூரில் தங்க வேண்டும் என்று அவர் உங்களைக் கேட்க வேண்டும். சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒப்பந்தத்தை அனுப்புகிறவர் வேண்டாம்.

இரண்டாவது, ஆளை வாடகை போல அனுப்புவது. அவர் ஏஜென்சியின் ஊழியர், உங்கள் இடத்தில் வேலை செய்வார், நீங்கள் மணிக்கணக்கில் பில் கட்டுவீர்கள். இதற்கு மத்திய வேலைவாய்ப்பு நிறுவனத்தின் உரிமம் கட்டாயம், அதன் நகலை முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள். பொது விதிப்படி ஒரே ஆளை 18 மாதத்துக்கு மேல் வைக்க முடியாது, ஒன்பது மாதம் தாண்டினால் ஏஜென்சி அவருக்கு உங்கள் நிரந்தர ஊழியருக்குச் சமமான சம்பளம் கொடுத்தாக வேண்டும், தொழிற்சங்கமும் முதலாளிகள் தரப்பும் போடும் கூட்டு ஒப்பந்தங்கள் இரண்டையும் கொஞ்சம் மாற்றலாம். 2017 ஏப்ரலில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இது ஆள் அனுப்பும் ஒப்பந்தம்தான் என்று ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதி, வருகிறவரின் பெயரையும் முன்கூட்டியே குறிக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. "உரிமம், 18 மாதம் எதுவும் வேண்டாம், சேவை ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்ளலாம், எங்கள் எஞ்சினியர் உங்கள் ப்ராஜெக்டைச் செய்வார்" என்று சிலர் சொல்வார்கள். தனியாகத் தொழில் செய்யும் ஃப்ரீலான்சரைக் கொண்டுவந்தும் இதையே சொல்வார்கள். காலையில் எந்த வாடிக்கையாளரிடம் போக வேண்டும், எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும், லீவு எப்போது என்று தினமும் நீங்கள் அவருக்குச் சொன்னால், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது மறைமுகமாக ஆள் அனுப்பியதுதான். அப்படித் தீர்மானமானால் அந்த ஆள் சட்டப்படி உங்கள் ஊழியராகவே கருதப்படுவார், உங்கள் கம்பெனிக்கும் 30,000 யூரோ வரை அபராதம் வரலாம். ஃப்ரீலான்சர் என்றால் ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் நான்கு வருடம் பின்னோக்கிச் சமூகக் காப்பீட்டுப் பணத்தைக் கேட்கும், வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தால் அதைவிடப் பல வருடங்கள் பின்னால் போகும். நான்கு பேர் இருக்கும் சின்ன அலுவலகத்தை மூடவைக்க இது ஒன்று போதும்.

உங்கள் நான்கு இடங்களுக்கு என்று கேட்டால், சர்வீஸ் மேனேஜரையும் அப்ளிகேஷன் எஞ்சினியரையும் தேடிக் கொடுக்கும் ஏஜென்சி வழியாக நேரடியாக எடுங்கள். நிரந்தர வேலையில் இருக்கும் நல்ல மேனேஜர் வாடகை முறைக்காக அதை விட்டுவிட்டு வர மாட்டார். ஃபீல்டு சர்வீஸுக்கு ஒருவரை வாடகை முறையில் உடனே கொண்டுவந்து, பிடித்திருந்தால் சில மாதம் கழித்து உங்கள் ஊழியராக மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது கட்டணம் உண்டு, மாதம் ஏற ஏறக் குறைகிற மாதிரி முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இன்னொரு ஃபீல்டு எஞ்சினியரை நீங்களே தேடலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

25 சதவீதம் கொள்ளையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, 20 முதல் 30 வரை இங்கே வழக்கம்தான். 70,000 யூரோ சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 17,500, அதன்மேல் 19 சதவீத வாட் சேர்த்து 20,825. வாட் கணக்கில் திரும்பி வந்துவிடும். சதவீதத்தைக் குறைக்கப் பேரம் பேசுவதைவிட ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகளைப் பாருங்கள். சம்பளம் என்று எதை எடுக்கிறார்கள், போனஸும் கம்பெனி காரும் சேருமா? பணம் எப்போது, கையெழுத்தன்றா, வேலைக்கு வந்த அன்றா? கையெழுத்துக்கும் முதல் நாளுக்கும் நடுவில் ஆறு மாதம்கூட ஓடலாம், அதற்குள் பழைய கம்பெனி சம்பளத்தை ஏற்றி ஆளைத் தக்கவைத்துக்கொண்டால் உங்கள் பணம் என்னாகும்? குறைந்தது பாதித் தொகையாவது முதல் நாள் வரை நிற்கட்டும். சோதனைக் காலம் சட்டப்படி ஆறு மாதம் வரை வைக்கலாம், அதற்குள் ஆள் போய்விட்டால் இன்னொருவரை இலவசமாகத் தேடித் தரும் உத்தரவாதமும் அதே ஆறு மாதத்துக்கு வேண்டும். அப்புறம், ஒரே இடத்துக்கு நான்கைந்து ஏஜென்சியை ஓட விடாதீர்கள். ஒரே ஆளின் பயோடேட்டா இரண்டு பக்கமிருந்து வரும், யார் முதலில் அனுப்பியது என்று இருவரும் பில் போடுவார்கள், உங்கள் கம்பெனி பெயரும் சந்தையில் கெடும். ஒருவருக்கு ஆறேழு வாரம் தனி உரிமை கொடுங்கள், சரியில்லை என்றால் மாற்றுங்கள்.

ஊரிலிருந்து நீங்கள் கொண்டுவந்த வேலை விவரத்தைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. "ஆண், 30 வயதுக்குள்" என்று இருக்கிறதே, அதை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள். பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் இங்கே கறாரானது. நிராகரிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் இழப்பீடு கேட்கலாம், எப்படியும் வேலை கிடைத்திருக்காது என்ற நிலையிலும் மூன்று மாதச் சம்பளம் வரை போகும். விளம்பரம் ஏஜென்சி போட்டது என்று தப்பிக்க முடியாது, முதலாளி நீங்கள்தான். நேர்காணலில் கல்யாணம், குழந்தை, கர்ப்பம் எதையும் கேட்கக் கூடாது. வெளியூரிலிருந்து அழைத்தால், தர மாட்டோம் என்று முன்பே சொல்லாத பட்சத்தில் பயணச் செலவும் உங்களுடையது. அதேபோல் வந்த பயோடேட்டாக்களைக் கோயம்புத்தூர் வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலை வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவுக்கு அனுப்பத் தனி ஒப்பந்த ஏற்பாடு வேண்டும், நிராகரித்தவர்களின் விவரங்களை சுமார் ஆறு மாதத்தில் அழிக்கவும் வேண்டும். அந்த எஞ்சினியர் இன்னும் பழைய வேலையில் இருக்கிறார், அவர் பெயர் வெளியே கசிந்தால் பிழைப்பு அவருடையது.

ஏஜென்சி இல்லாமல் தேடும் வழியையும் விடாதீர்கள். மத்திய வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு முதலாளிகளுக்கென்றே ஒரு சேவைப் பிரிவு இருக்கிறது, பைசா வாங்குவதில்லை, உங்கள் பகுதிக்கு ஒருவரை ஒதுக்குவார்கள், நேரில் போய்ப் பேசுங்கள். வாகனத் துறை இப்போது ஆட்களைக் குறைத்துக்கொண்டிருக்கும் காலம். 2028 இறுதிக்குள் ஜெர்மனியில் 14,000 பேர் வரை குறைப்பதாக வாகன பாகங்கள் செய்யும் இசட்எஃப் 2024லேயே அறிவித்தது, போஷ் 2025 செப்டம்பரில் ஏறத்தாழ 13,000 என்றது. சில வருடம் முன்பு சின்ன வெளிநாட்டுக் கம்பெனியின் போனையே எடுக்காதவர்கள் இப்போது பேசத் தயாராக இருக்கிறார்கள். ஸ்டுட்கார்ட், எஸ்லிங்கன் கல்லூரிகளில் முதுகலை முடிக்கும் நம்ம பிள்ளைகளும் இருக்கிறார்கள், படிப்பு முடிந்து 18 மாதம் வரை வேலை தேடும் விசா கிடைக்கும். ஆனால் ஃபீல்டு சர்வீஸுக்கு ஜெர்மன் நன்றாகப் பேச வேண்டும். இரவு பதினோரு மணிக்கு பம்ப் நின்றுபோன ஆலையில் ஷிஃப்ட் ஃபோர்மேன் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். தமிழ் பேசுகிறார் என்பதற்காக மட்டும் எடுத்து அந்தப் பிள்ளையைத் தவிக்க விடாதீர்கள்.

கடைசியாகச் சம்பளம். பக்கத்தில் உலோகத் தொழில் கூட்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் வாரம் 35 மணி நேரம், வருடம் 30 நாள் விடுமுறை என்று இருக்கிறார்கள். சட்டம் சொல்லும் 20 நாளை நீங்கள் நீட்டினால் ஏஜென்சிக்காரரே உங்கள் வேலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். சம்பளத்தின் மேல் உங்கள் பங்கு சமூகக் காப்பீடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஆறு வாரம் வரை நோய்க்கால முழுச் சம்பளம், இரண்டையும் பட்ஜெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு நோய்க்காலச் சம்பளத்தில் ஒரு பகுதியை மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தரும், யூ1 என்று கேளுங்கள். நேர்காணல் முடிந்த வாரத்திலேயே ஆம், இல்லை என்று பதில் சொல்லும் அதிகாரத்தை ஊரிலிருந்து எழுத்தில் வாங்கி வையுங்கள், மூன்று வாரம் காத்திருக்க வைத்தால் ஆள் வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஏஜென்சி ஒப்பந்த வரைவு வந்ததும் தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கொடுத்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.