நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பது உயர்மலைக்குரிய ஒரே சோலைக்காடு என்றால், அங்கு வாழும் சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் ஒரு சிறு காட்டுப்பறவை) மட்டும் வேறாக இருப்பது ஏன்?

இரண்டு ஊர்களிலும் படமெடுத்து ஒப்பிட்டுக் குழம்பியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நீங்கள் பார்த்தது சரியே. அவை தனித்தனி இனங்கள்.

காரணம் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரியிலும், தெற்கே கொடைக்கானலை ஒட்டிய ஆனைமலையிலும் 2,600 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் நிற்க, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் சமவெளியாகத் தாழ்ந்துவிடுகிறது. சிறகுள்ள பறவைக்கு இது ஒரு தூரமா என்று கேட்கச் சிலர் வருவார்கள். சோலைக்கிளியோ, குளிர்ந்த காட்டின் நிழலில், தரையை ஒட்டிப் பூச்சி தேடி வாழ்வது. வெயில் காயும் வெட்டவெளியைக் கடக்க அதற்குத் தேவையும் இல்லை, வழியில் தங்க இடமும் இல்லை. நெடுங்காலம் இப்படிப் பிரிந்திருந்ததில், வடக்கே உள்ள நீலகிரிச் சோலைக்கிளிக்கு விலாப்புறம் செம்பழுப்பாகவும், தெற்கே உள்ள வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு நீலச்சாம்பலாகவும் அமைந்துவிட்டது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு நிழற்படப் போட்டிக்கு என் மகள், கொடைக்கானல் இருக்கும் பழனிமலையில் எடுத்த படத்தை வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்று பெயரிட்டு அனுப்பினாள். நடுவர் ஒருவர் அதை நீலகிரிச் சோலைக்கிளி என்று திருத்தி, பெயர் பிழை என மதிப்பெண்ணையும் குறைத்தார். பறவை ஆய்வாளர் வி. வி. ராபின் குழுவினர் மரபணு, உருவம், பாட்டு ஆகியவற்றை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வின் நகலைக் கொண்டுபோய்க் காட்டினேன். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழ்வதையும் தனி இனமாகப் பிரித்த ஆய்வு அது. போட்டி முடிந்துவிட்டது என்பதே பதில். பரிசு போனதைவிட, விலாவின் நிறத்தைக் கவனித்து எழுதிய பிள்ளையை, படத்தைச் சரியாகப் பாராமலே திருத்தியதுதான் இன்றும் உறுத்துகிறது.

கணவாய்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை. புதரிலும் தோட்டத்திலும் பிழைத்துக்கொள்ளும் செம்மீசைச் சின்னானுக்கு அது தடையே அன்று. இருபுறமும் ஒரே இனம்தான். சில பறவைகளைப் பிரிப்பது மழை. தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்கும் மேற்குச் சரிவின் ஈரக்காடுகளில் மலபார் சாம்பல் இருவாச்சி வாழ்கிறது. மழை மறைவில் கிடக்கும் கிழக்கு அடிவாரத்து உலர்காடுகளில் நீங்கள் பெரும்பாலும் காணக்கூடியது இந்தியச் சாம்பல் இருவாச்சி. அங்கே குறுக்கே கணவாய் எதுவும் இல்லை.